மதிலைத் தாண்டிய கிளை

பக்கத்து வீட்டு வேப்பங்கிளை நம் மதிலைத் தாண்டி வந்துவிட்டது. சருகு விழுந்து மாடியின் மழைநீர்க் குழாய் அடைக்கிறது. வெட்டலாமா?

ஃபிக்ஹ் அறிஞர்கள் இதைப் பேசியிருக்கிறார்கள். நம் மனைக்கு மேலுள்ள வெளியும் நம்முடையதே. கிளையை அகற்றச் சொல்லி மரத்துக்காரரிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்பது முதலில், அரிவாள் பிறகுதான்.

சிலர் கேட்காமலே, மதிலுக்கு நேராக நறுக்கிவிடுகிறார்கள். எஞ்சிய துண்டு காய்ந்து, அழுகல் மரத்துக்குள் இறங்குகிறது. தண்டோடு ஒட்டச் சீவினாலும் கேடுதான். கிளை தண்டில் சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு தடிப்பு இருக்கும். அதை விட்டு, சற்று வெளியே அறுத்தால் மரம் தானே வெட்டுவாயை மூடிக்கொள்ளும்.

யோசித்துப் பாருங்கள்! நம் உரிமை மதிலோடு முடிகிறது. சரியாக வெட்ட வேண்டிய இடமோ மதிலுக்கு அந்தப் பக்கம், அவர் வீட்டில் இருக்கிறது. அவருடைய கதவைத் தட்டி, ஸலாம் சொல்லி, சம்மதம் பெறாமல் அதை எட்டவே முடியாது. உரிமையைத் தனியாக எடுத்துக்கொண்டால் மரமும் கெடும், உறவும் கெடும்.

உரிமையைக் கேட்கும்போதும் அழகாக நடந்துகொள்ளும் மனதை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.