பழி நீங்கியும் தீராத களைப்பு

ஆட்டிசம் மூளை வளர்ச்சியிலேயே அமையும் ஒரு வேறுபாடு என்பதும், பேச்சிலும் பழகுவதிலும் புலனுணர்விலும் அது குழந்தைக்குக் குழந்தை வேறுவேறு அளவில் வெளிப்படும் என்பதும் இன்று பரவலாக ஏற்கப்பட்டுவிட்டபோதிலும், தாய்மார் மீதான பழி முழுவதும் அகன்றுவிடவில்லை. அந்தப் பழிக்கு மருத்துவத்துறையும் பொறுப்பு. 1943இல் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தைத் தனி நிலையாக விவரித்த லியோ கேனர், பெற்றோரின் உணர்ச்சி வறட்சியையும் சேர்த்தே குறிப்பிட்டார். அதிலிருந்து வளர்ந்த, பாசமற்ற தாயே காரணம் என்னும் கருத்தை 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் நூலாகவே எழுதிப் பரப்பினார். ஆட்டிசமுள்ள மகனுக்குத் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லாண்டு 1964இலேயே இதை மறுத்து எழுதியிருந்தார் என்பதும், 1969இல் கேனரே பெற்றோர் கூட்டமொன்றில் அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார் என்பதும் பழி பரவிய அளவுக்குப் பரவவில்லை. மாசமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாள், வேலைக்குப் போனாளா, செல்போனைக் கொடுத்துக் கெடுத்தாளா என்று உறவினர் இன்றும் கேட்பது அந்தப் பழைய வழக்கின் மறுவிசாரணையே.

பழியைவிட நுட்பமான சுமை புகழ்ச்சி. தெய்வத்தாய், தியாகி என்று போற்றப்படுபவள் ‘என்னால் முடியவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல இயலாது. முடியாமைக்கு உடலே சான்று கூறுகிறது: நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் இயக்குநீர், ஆட்டிசமுள்ள வளரிளம்பருவத்தினர், பெரியவர்களின் தாய்மாரிடம் இயல்பைவிடக் குறைந்திருந்ததை, அதாவது நீடித்த நெருக்கடியில் அந்தச் சுரப்பே மழுங்கியிருந்ததை, விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். இத்தகைய உடலிடம் மூச்சுப்பயிற்சி செய், மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று மட்டும் கூறுவது போதாது. பயிற்சிகள் பயனற்றவை என்பதன்று. 2014இல் வெளியான வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வில், ஆட்டிசம் முதலிய குறைபாடுகளுள்ள குழந்தைகளின் தாய்மாருக்கு ஆறு வாரம் நடந்த மனநலப் பயிற்சிகள் மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைத்தன. ஆனால் அங்கே கற்பித்தவர்கள் நிபுணர்கள் அல்லர், அதே நிலையிலிருந்து பயிற்சி பெற்ற தாய்மாரே என்பது கவனத்திற்குரியது. தன்னை எடைபோடாத ஒருவர் எதிரில் இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாக இருந்திருக்கலாம்.

பேச்சுப்பயிற்சியும் தொழில்வழிப் பயிற்சியும் (அன்றாடச் செயல்களையும் புலன் ஒருங்கிணைப்பையும் பழக்குவது) அளிப்பவர்கள், வீட்டிலும் தினமும் செய்யுங்கள் என்று பட்டியல் தருகையில், அதைச் செய்யும் கைகள் பெரும்பாலும் யாருடையவை என்று கேட்பதில்லை. தாயின் மனநலத்திற்கு முதல் மருந்து நேரம்: வாரத்தில் சில மணிநேரமாவது குழந்தையை அறிந்த வேறொருவர் பொறுப்பேற்பது. தந்தை ‘உதவுவது’ இதில் அடங்காது. உதவி என்ற சொல்லிலேயே பொறுப்பு அவளுடையது என்பது தீர்மானமாகிவிடுகிறது.

இரவில் உறங்கவிடாத கேள்வி வேறு: ‘எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?’ ஆட்டிசம் உள்ளிட்ட குறைபாடுகளுக்கென இந்தியாவில் இயற்றப்பட்ட 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 18 வயது கடந்தவர்களுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு வழியாகச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க வழி செய்கிறது. அதற்கான படிவத்தில் பாதுகாவலராக எழுத ஒரு பெயர் வேண்டும். உற்றார் விலகிப்போன குடும்பத்தில் அந்தப் பெயரைத் தேடும் வேலையும் தாயிடமே வந்து சேர்கிறது.