தந்தையின் கடிகாரமும் தனயனின் கடிகாரமும்

மைசூரின் வடமேற்கே அமைந்துள்ள ஹெப்பாளில் ஒருபுறம் தொழிற்பேட்டை. மறுபுறம் இன்போசிஸ் நிறுவனத்தின் பரந்த பயிற்சி வளாகம். ஒரு தலைமுறையினர் ஷிப்ட் நேரத்துக்கு விரைந்து சென்ற அதே பகுதியில், அடுத்த தலைமுறையினர் கணினியின் முன் அமர்ந்து பணிபுரிகின்றனர். அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றிய சிறிய கேள்விதான் அது. ஆனால் சிந்திக்கச் சிந்திக்க, நம் ஒவ்வொருவரையும் நோக்கி எழுப்பப்பட்ட கேள்வியாகவே அது தோன்றியது.

அவருடைய தந்தை அந்தத் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர். பல ஆண்டுகள் ஹெச்.எம்.டி. ‘ஜனதா’ கடிகாரம் ஒன்றைக் கட்டியிருந்தார். ஒருநாள், உடன் பணிபுரிந்த நண்பரின் மகன் பொதுத் தேர்வு எழுதப் புறப்பட்டான். அவன் கையில் கடிகாரம் இல்லை. அதைக் கண்ட தந்தை, தம்முடையதைக் கழற்றி அவன் கையில் கட்டிவிட்டார். அது திரும்பி வரவில்லை, அவரும் கேட்கவில்லை. அதன்பின் தமக்கென்று வேறொரு கடிகாரம் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

தந்தை மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. வேலையில் சேர்ந்த மகன், பழைய ஜனதாவைப் போன்றே புதிதாக வெளிவந்துள்ள ஒரு கடிகாரத்தை வாங்கினார். அதே வெண்ணிற முகப்பு, அதே மெல்லிய முட்கள், அதே எளிய தோல் வார். வீட்டுக்கு வந்து தாயிடம் காட்டினார். அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்பாவோடது மாதிரியே இருக்கு. ஆனா, அதை அவர் கொடுத்துட்டாரேப்பா!” என்றார்.

இளைஞரின் கேள்வி இதுதான்: “இதைக் கட்டிக்கொள்வதால் நான் என் தந்தையைப் போற்றுகிறேனா? அல்லது அவர் விட்டதை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேனா?”

மக்களின் பெயர் தாங்கிய கடிகாரம்

இக்கேள்விக்கு விடை தேடுமுன், அந்தக் கடிகாரம் எத்தகையது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

பெங்களூரில் 1953-ஆம் ஆண்டு ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தோன்றியது. இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களை உருவாக்குவதே அதன் முதல் நோக்கம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து, 1961-இல் அது கைக்கடிகாரங்களையும் செய்யத் தொடங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு வெளியிட்டார். பின்னர் தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் ஆகிய இடங்களிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. பார்வையற்றோர் விரலால் தடவி நேரம் அறியும் பிரெய்ல் கடிகாரங்களையும் அந்நிறுவனம் செய்தது.

அதன் பெரும் புகழுக்குக் காரணமானவற்றுள் ஒன்று ‘ஜனதா’. மக்கள் என்பதே அப்பெயரின் பொருள். சுமார் 35 மில்லிமீட்டர் அகலம்; உராய்வைக் குறைக்கும் 17 கற்கள்; நாள்தோறும் கையால் சாவி கொடுக்க வேண்டிய இயந்திரம். தேதி காட்டும் சாளரம்கூட அதில் கிடையாது. திருமணத்திலும் அலுவலகத்திலும் சட்டைக் கையின் அடியில் அடக்கமாக இருக்கும். தேர்வில் தேறியவனுக்கும் மணமகனுக்கும் பணி ஓய்வு பெறுபவருக்கும் அதைப் பரிசளிப்பது நம் நாட்டில் ஒரு வழக்கமாகவே இருந்தது.

1969 டிசம்பரில் ஜப்பானின் சீகோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காலப்போக்கில் மின்கலத்தால் ஓடும் கடிகாரங்கள் உலகெங்கும் பரவின. நம் நாட்டில் 1980-களின் பிற்பகுதியில் ஓசூரிலிருந்து டைட்டன் கடிகாரங்கள் வந்தன. பிறகு கைப்பேசி வந்தது. ஹெச்.எம்.டி. கடிகாரப் பிரிவு பல ஆண்டுகள் நட்டத்தில் தத்தளித்தது. 2016 ஜனவரியில் அதை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூடப்படும் செய்தி பரவியபோதுதான் பலருக்கு அதன் மீது அன்பு பெருகிற்று! பின்னர், பழைய பெயர்களையும் பழைய தோற்றத்தையும் தாங்கிய கடிகாரங்களைத் தாய் நிறுவனம் மீண்டும் சிறிய அளவில் விற்கலாயிற்று. உலகின் வேறு பல நிறுவனங்களும் தங்கள் பழைய வடிவங்களை இவ்வாறே மறுபடியும் வெளியிட்டு வருகின்றன.

புதியது பொய்யாகுமா?

‘பழைய தோற்றத்தில் புதிய பொருள்’ என்றாலே அது ஒரு நடிப்பு என்று சிலர் கருதுகின்றனர். அவ்வாறு சொல்ல வேண்டியதில்லை.

மைசூர் அரண்மனையையே எடுத்துக்கொள்வோம். மரத்தால் ஆன பழைய அரண்மனை 1897-இல் ஒரு திருமண விழாவின்போது தீக்கிரையாயிற்று. ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் கல்லால் எழுப்பப்பட்ட புதிய அரண்மனை 1912-இல் நிறைவுற்றது. தசரா நாட்களில் அதன் விளக்கொளியைக் காணக் கூடும் மக்களில் எவரும் அதைப் பொய் அரண்மனை என்று சொல்வதில்லை. ஏன்? அது தன்னைப் பற்றி எந்தப் பொய்யும் சொல்லவில்லை. பழையதன் இடத்தில் புதிதாக வந்தேன் என்றே அது நிற்கிறது.

கடிகாரத்துக்கும் இதே அளவுகோல்தான். பழைய இயந்திரத்தின் மீது புதிதாக அச்சிட்ட முகப்பைப் பொருத்தி, ‘கைபடாத பழைய அசல்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே பொய் இருக்கிறது. புதிதாகச் செய்ததைப் புதியது என்றே சொல்லி விற்பதிலும், அவ்வாறே சொல்லிக் கட்டிக்கொள்வதிலும் பொய் இல்லை. “இது என் தந்தையுடையது” என்று அந்த இளைஞர் ஒருவரிடம் சொன்னால், அக்கணமே அது பொய்யாகிவிடும். “என் தந்தை இப்படி ஒன்று கட்டியிருந்தார்” என்று சொன்னால் அது உண்மை. இரண்டுக்கும் இடையே சில சொற்களே வேறுபாடு. ஆனால் நம் உள்ளத்தில் பெருமை நுழையும் வாசல் அந்தச் சில சொற்களில்தான் இருக்கிறது.

நினைவும் வாணிபமும்

பொய் இல்லை என்பது மட்டும் போதுமா? போதாது. நாம் எதை நினைவுகூர்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

2009-ஆம் ஆண்டு, மான்ட் பிளாங்க் என்ற பேனா நிறுவனம் மகாத்மா காந்தியின் நினைவாகப் பேனாக்களை வெளியிட்டது. தண்டி யாத்திரையின் 241 மைல்களைக் குறிக்க 241 பேனாக்கள். ஒவ்வொன்றின் விலையும் 11 லட்சம் ரூபாய்க்கும் அதிகம். எதிர்ப்பு எழுந்தது, கேரள உயர் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது, 2010-இல் இந்தியாவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அந்தப் பேனாவில் காந்தியடிகளின் உருவம் இருந்தது. மைல் கணக்குக்கூடச் சரியாக இருந்தது. அவர் வாழ்ந்த முறை மட்டும் அதில் இல்லை.

காந்தியடிகளிடமும் கடிகாரம் இருந்தது. இடுப்பில் தொங்கிய ஓர் எளிய கடிகாரம். பிறருடைய நேரத்தை வீணாக்குவதை அவர் குற்றமாகவே கருதினார். 1948 ஜனவரி 30 அன்று மாலை, சர்தார் படேலுடன் நடந்த உரையாடல் நீண்டதால் பிரார்த்தனைக்குச் சில நிமிடங்கள் தாமதமாயிற்று. தாம் தாமதிப்பது தமக்குப் பிடிக்காது என்று சொல்லியபடியே அவர் பிரார்த்தனைத் திடலை நோக்கி விரைந்தார். வாழ்வின் கடைசி நிமிடங்களிலும் காத்திருக்கும் மக்களுக்கு மதிப்பளித்த உள்ளம் அது. அந்த உள்ளத்தை எந்தத் தொழிற்சாலையும் மறுபடியும் வெளியிட முடியாது. அதை மறுபடியும் வெளியிட வேண்டியவர்கள் நாம்தான்.

விட்டதும் பிடித்ததும்

இப்போது அந்தத் தாயின் சொல்லுக்கு வருவோம். மகன் கடிகாரத்தைப் பார்த்தார். தாயோ அது கைமாறிய நாளைப் பார்த்தார். கணவர் அதைக் கட்டியிருந்த ஆண்டுகள் பல. ஆனால் அவர் மனத்தில் தங்கியது, அதைக் கழற்றிக் கொடுத்த ஒரு நிமிடம்.

அப்படியானால் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிட வேண்டுமா? அது விடையாகாது. வீட்டுச் சுவரில் தந்தையின் புகைப்படத்தை மாட்டுகிறோம். அது வெறும் காகிதம் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அதன் மீது கால் படச் சம்மதிப்போமா? இல்லறத்தில் இருப்பவனுக்கு அன்பைப் பற்றிக்கொள்ள ஓர் அடையாளம் தேவைப்படுகிறது. அதில் குறையில்லை. அடையாளம் நம்மை உயர்ந்த ஒன்றை நோக்கி அழைத்துச் செல்லும்வரை அது ஏணி. அதிலேயே நாம் அமர்ந்துவிட்டால் அது தளை.

ஏணியா, தளையா என்பதை எப்படி அறிவது? மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று: இது ஒன்றோடு நிற்கிறதா? எல்லோருக்கும் ஒன்று கிடைக்கட்டும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட கடிகாரத்தை, வெவ்வேறு நிறங்களில் பத்து வாங்கிப் பெட்டியில் அடுக்குபவர், அதன் பெயரையே மறந்தவர் ஆகிறார்.

இரண்டு: இது என் நடத்தையில் ஏதேனும் செய்கிறதா? சாவி கொடுக்கும் கடிகாரம் ஒரு மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. குவார்ட்ஸ் படிகமோ ஒரு வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. துல்லியத்தில் முதலாவது இரண்டாவதற்கு ஈடாகாது; நாளுக்குச் சில வினாடிகள் முந்தலாம், பிந்தலாம். எனவே நேரம் அறிவதற்காக மட்டும் இதை எவரும் வாங்குவதில்லை. ஆனால் காலையில் சாவி கொடுக்கும் அந்த அரை நிமிடத்தில், ‘இன்று யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதைக் காப்பேனா?’ என்று எண்ணிப் பார்ப்பவருக்கு அது ஒரு சாதனமாகவே ஆகிவிடும். தந்தை போன்ற கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒரு மணி நேரம் தாமதமாக வருபவர் கையில் இருப்பது வெறும் உலோகமே.

மூன்று, இதுவே கடினமானது: தேவை உள்ள ஒருவனைக் கண்டால் இதைக் கழற்றிக் கொடுக்க என்னால் முடியுமா? முடியும் என்றால், கையில் இருக்கும்போதே அது நம்மைக் கட்டவில்லை. முடியாது என்றால், அதை மறைக்காமல் ஒப்புக்கொள்வோம். பற்றை அறிந்துகொள்வதே அது தளரத் தொடங்குவதன் முதற்படி.

இந்த மூன்றாம் கேள்வியைக் கேட்ட இளைஞர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “இப்போது முடியாது. ஆனால் முடிகிற நாள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்” என்றார். அது நேர்மையான விடை. அந்த நாள் வரும்வரை கடிகாரம் அவர் கையில் இருக்கட்டும்.

முன்னோர் விட்டுச் சென்ற பொருள்கள் நம்மிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வீடு விற்கப்படுகிறது, நகை கைமாறுகிறது, கடிகாரம் திரும்பி வருவதில்லை. அவர்கள் கொடுத்த விதம் மட்டும் யாராலும் எடுத்துச் செல்ல முடியாத சொத்தாக நம்மிடம் இருக்கிறது. அதை உறையிலிட்டுப் பாதுகாக்க வேண்டியதில்லை. நம் கையால் மறுபடியும் ஒருவருக்குக் கொடுக்கும்போதுதான் அது நமக்கு உரியதாகிறது.