கத்தி எடுக்குமுன்

ஒரு காகிதம் மனிதர்களை ஒன்றுசேர்த்துவிடுமா?

2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் அறைகளுக்கென்று அப்படியொரு காகிதம் வகுத்துக் கொடுத்தது. மொத்தம் 19 குறிப்புகள். நோயாளி யார், எந்தப் பக்கம் அறுக்கவேண்டும், ரத்தம் ஒற்றிய துணிகளின் எண்ணிக்கை சரியா — இவற்றில் யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை. கத்தி படுமுன் அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லவேண்டும் என்பதுதான் பெரிய டாக்டர்களுக்குக் கசந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெயர் சொல்லிவிட்ட நர்ஸ், "சற்றுப் பொறுங்கள், டாக்டர்" என்றும் சொல்லத் துணிவாள் அல்லவா?

புது தில்லி உள்பட 8 நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்ததென்று 2009-ல் வெளியிட்டார்கள். ஆயினும் ஊழியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை, நேரம் வீணாகிறதாம்! 'சரி, ஆபரேஷன் உங்களுக்கே என்றால்?' என்று கேட்டதற்கு, நூற்றுக்கு 93 பேர் காகிதம் வேண்டும் என்றார்கள். மனித மனத்தை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட ருசியான செய்தி ஏது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதையே கட்டாயமாக்கினார்கள். 101 ஆஸ்பத்திரிகளைப் பற்றி 2014-ல் வந்த ஆய்வில், மரணம் சொல்லும்படியாகக் குறையவில்லை. கட்டங்களில் மட்டும் குறிகள் ஒழுங்காக விழுந்திருந்தன.

எனக்கு இதில் வியப்பில்லை. நேற்றுப் 'பொறுங்கள்' என்று சொல்லி முறைப்பு வாங்கிக்கொண்ட பெண், இன்று பேசாமல் குறி போட்டுவிட்டு நிற்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "என்னம்மா, ஏதாவது தவறா?" என்று முதலில் கேட்கவேண்டியவர் கத்தி பிடித்தவர்தான்.