பூஜ்யத்துக்குத் திருப்புதல்

லேசர் பிரிண்டரின் டோனர், டிரம் எண்ணிக்கையை 'ரீசெட்' செய்வது - அதாவது பொருளை மாற்றாமலே கணக்கைப் பூஜ்யத்துக்குத் திருப்புவது - பொய் சொல்வதாகுமா? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். அற்ப விஷயங்களில்தான் நம் தார்மீகப் பிரக்ஞை ஒத்திகையின்றிச் செயல்படுகிறது என்பதால் இதை எடுத்துக்கொள்கிறேன்.

'டோனர் தீர்ந்தது' என்று பிரிண்டர் அறிவிக்கும்போது அது எதை அறிந்து சொல்கிறது? பல மாடல்களில் பெட்டிக்குள் மிஞ்சியிருக்கும் தூளை அளக்கும் உறுப்பு எதுவும் கிடையாது. உருளை எத்தனை சுற்று சுற்றியது, எத்தனை புள்ளிகள் அச்சாயின என்ற கணக்கு மட்டுமே உண்டு. பிரதர் கம்பெனியின் சிறிய மாடல்கள் பலவற்றில் புது டோனர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பற்சக்கரம் இருக்கும். செருகியதும் அது ஒருமுறை சுழன்று நின்றுவிடும். அந்தச் சுழற்சிதான் 'நான் புதியவன்' என்ற அறிவிப்பு. டோனர் நிரப்பித் தருகிறவர் அந்தச் சக்கரத்தைப் பழைய நிலைக்குத் திருப்பி வைக்கிறார், யந்திரம் ஒப்புக்கொள்கிறது. டிரம்முக்கு இந்தச் சக்கரமும் இல்லை. ஆயுள் சுமார் 12,000 பக்கம் என்று குறித்திருப்பார்கள். மாற்றிய பிறகு, மாற்றியவரே பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும்.

வங்கி குமாஸ்தாவுக்கு இது விநோதமான கணக்கு முறை. புத்தகத்தில் இருப்பு என்ன என்று பார்ப்பதோடு எங்கள் நாள் முடிவதில்லை. ரொக்கத்தை எண்ணி, இரண்டும் ஒத்துப்போனால்தான் பெட்டகத்தைப் பூட்டுவோம். பிரிண்டரிடம் புத்தகம் இருக்கிறது. ரொக்கத்தை எண்ணும் கை இல்லை. இருந்தும் தன் அனுமானத்தை நிதர்சனம்போலச் சொல்கிறது. 'தீர்ந்திருக்கக்கூடும்' என்ற வினை அதன் இலக்கணத்தில் இல்லை.

சில மாடல்கள் 'டிரம்மை மாற்றியாயிற்றா?' என்று கேட்கும். ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள். 'மாற்றவில்லை, எடுத்துப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது' என்று சொல்ல இடம் கிடையாது. உண்மை பேச விரும்புகிறவனையும் 'ஆம்' என்று சொல்லவைக்கும் கேள்வி இது.

ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிவரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லலாகாது என்று 1797ல் காண்ட் வாதாடினார். நம்பவும் சந்தேகிக்கவும் அந்தக் கொலைகாரனுக்கு ஒரு மனமாவது இருந்தது. பிரிண்டர் எண்ண மட்டும் அறிந்தது. நம்பத் தெரியாததை ஏமாற்றவும் முடியாது. அப்படியானால் ஏமாற்றப்படுவது தயாரித்த கம்பெனியா? ஒரு பொருளை விற்றதும் அதன்மீது விற்றவருக்கிருந்த காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்று, லெக்ஸ்மார்க் டோனர் பெட்டிகள் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017ல் தீர்ப்பளித்தது. காசு கொடுத்து வாங்கிய தூளைக் கடைசிவரை செலவழிப்பதில் துரோகம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவில் நிறுத்துவது சௌகரியம். ஆனால் எண்ணிக்கைக்கும் ஒரு நியாயம் உண்டு. பொதுத்துறை வங்கிகளில் 60 வயதில் ஓய்வு. அந்த வயதில் ஒருவர் எவ்வளவு கூர்மையாக இருக்கிறார் என்பது விதிக்குத் தெரியாது. ஆனால் எண்ணை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு மேலதிகாரியின் பார்வையை வைத்தால் யார் முதலில் வெளியே போவார்கள் என்பது நமக்குத் தெரியும். எண் குருடு, அதனாலேயே பாரபட்சமற்றது. அதை அகற்றுகிறவன் அதற்குப் பதிலாகத் தன் கண்ணைத் தர வேண்டும், அதுவும் விருப்பு வெறுப்பற்ற கண்ணை.

பார்க்கத் தெரிந்தவனுக்கு யந்திரம் எதையும் மறைப்பதில்லை. மேற்சொன்ன மாடல்களில் டிரம்மின் பூச்சில் பழுது விழுந்தால், தாளில் ஒரே கறை 94 மில்லிமீட்டருக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப விழும். டிரம்மின் சுற்றளவு அது. தூள் குறைந்தால் எழுத்துகள் நெடுக வெளிறும். ஆக, சாட்சி தாளிலேயே இருக்கிறது. பார்க்காவிட்டால் நஷ்டம் யந்திரத்துக்குமல்ல, கம்பெனிக்குமல்ல. வைப்பு ரசீதில் 8 என்ற இலக்கம் இடப்பக்கம் வெளிறி 3 போலத் தெரிந்தால், அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகும் கிழவிக்குத்தான். எந்த எண்ணிக்கை எப்போது பூஜ்யமாக்கப்பட்டது என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை.

எனவே ரீசெட்டைப் பொய் என்று நான் கருதவில்லை. அது ஒரு வாக்குறுதி. யந்திரத்திடம் சொல்லப்பட்டாலும் அந்தக் கிழவிக்குக் கொடுக்கப்பட்டது. பேரேட்டில் ஓர் எண்ணைத் திருத்தினால் பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும்: இதற்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். பிரிண்டரில் இனிஷியல் போட இடமில்லை. திருத்தியது யார் என்று யாரும் கேட்கப்போவதுமில்லை. அதனால்தான், பொத்தானை அழுத்தியவன் அதற்குப் பிறகு வெளிவரும் ஒவ்வொரு தாளையும் பார்த்தே கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது.