எவர் பணம், எவர் அன்பளிப்பு?

தேர்தல் நெருங்கிவிட்டதென்பதை அறிய நமக்குப் பத்திரிகை தேவையில்லை. கடையின் பற்றுப் புத்தகமே சொல்லிவிடும். பல மாதமாக நின்ற பாக்கிகள் ஒரே வாரத்தில் அடையும். 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் அடைந்தன. மாத வருமானம் 3,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத குடும்பங்களுக்கு 500 ரிங்கிட் தரும் 'பிரிம்' உதவி, 2012-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் பிறந்தது. அது இரண்டாம் முறையாகக் கைக்கு வந்த சில மாதங்களுக்குள், மே 5-ஆம் நாள், பொதுத் தேர்தல் நடந்தது.

அப்போது நம் வாடிக்கைக்கார மூதாட்டி ஒருவர் பாக்கியை எண்ணி வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அவங்க காசை வாங்கிட்டு ஓட்டை மாத்திப் போட்டா நன்றி கெட்டதனம் ஆகாதா?" நாம் ஏதோ சொல்லி மழுப்பினோம். கல்லாவில் பணம் விழுந்த மகிழ்ச்சியிலிருந்த நமக்கு மார்க்க விசாரணையில் நாட்டமில்லை.

'அவங்க காசு' என்றாரே, முடிச்சு அதில்தான் இருக்கிறது. நாலு பேர் பங்கு போட்ட கடையில் ஒருவரை நிர்வாகியாக வைக்கிறோம். தவணை முடியும் தறுவாயில் அவர் கடைப் பணத்திலிருந்து பங்காளிகள் வீட்டுக்கெல்லாம் அரிசி மூட்டை அனுப்பி, 'இது என் அன்பளிப்பு. அடுத்த தவணைக்கும் என்னையே வையுங்கள்' என்கிறார். அரிசியைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அது நம் முதலிலிருந்து வந்தது. அன்பளிப்பு என்ற சொல்லை மட்டும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சர்க்கார் கஜானாவும் இப்படித்தான். வருமான வரி கட்டாத ஏழையும், 2015 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மூன்றாண்டுக்கு மேல், சோப்புக் கட்டிக்குக் கூட 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்டினார். வசூலித்துச் செலுத்தியவர்கள் வியாபாரிகளாகிய நாமே.

ஜக்காத் வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, இன்னது உங்களுக்கு, இன்னது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்தபோது, அவர் தாய் தந்தையர் வீட்டிலேயே இருந்திருந்தால் அது வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்ததை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். அது வாங்கியவரைப் பற்றியது. ஆயினும் அதே உரைகல்லில் கொடுப்பவரையும் உரைத்துப் பார்க்கலாம்: தேர்தல் வராதிருந்தால் இது வந்திருக்குமா?

நியாயமாகச் சொன்னால், பிரிம் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடுகிறது. தேர்தல் இல்லாத ஆண்டுகளிலும் வந்தது. 2017-இல் 1,200 ரிங்கிட் வரை உயர்ந்தது. அதை இலஞ்சமென்று ஏசியவர்களும், 2018 மே மாதம் ஆட்சிக்கு வந்தபின் பெயரை மாற்றித் தொடரத்தான் செய்தார்கள். (ஏழையின் நினைவு வர ஆண்டுதோறும் தேர்தல் வைத்தாலும் நமக்கு ஆட்சேபமில்லை!) தேறாதது 2010-இல் சிபு இடைத்தேர்தலில் நடந்தது. வாக்களிப்புக்கு முந்திய இரவு அன்றைய பிரதமர் நஜீப் மேடையேறி, எங்கள் வேட்பாளரை ஜெயிக்க வையுங்கள், வெள்ளத் தடுப்புக்கு 50 இலட்சம் ரிங்கிட் தருகிறேன் என்ற கருத்தில் பேரம் பேசினார். தோற்றால் வெள்ளம் அந்த வீடுகளுக்குள் வராதா? மறுநாள் அவர் வேட்பாளர் தோற்றார்.

ஆகவே மூதாட்டிக்கு நாம் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: வாங்கியது உங்கள் உரிமை, அதற்கு ஓட்டு விலையல்ல, ஓட்டு என்பது சாட்சியம். இதைச் சொல்ல அன்று நமக்கு நா எழவில்லை. பாக்கி அடைந்தது மட்டுமா காரணம்?

நம் சங்கங்களை எண்ணிப் பார்க்கிறோம். நிர்வாகிகள் தேர்வு நடக்கும் மகாசபைக்கு முந்திய வாரம், சங்கச் செலவில் ஒரு விருந்து நடந்தது. ஊரும் பெயரும் வேண்டாம். பிரியாணி நன்றாயிருந்தது. நாம் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டோம். அது கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டதென்று பொருளாளரிடம் நாம் இன்றுவரை கேட்கவில்லை.