நேர்காணலும் நடுவுநிலையும்: எல்லைப்புறத் தமிழரை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென்வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலையை ஒட்டிய சிற்றூர்களின் தமிழ் இளைஞர் வேலை நாடித் திருவனந்தபுரம் செல்கையில், அவர்தம் எல்லை வழக்கு வாய்திறந்தவுடன் வெளிப்பட்டுவிடும். அவ்வேறுபாட்டிற்கு 'மொழிச் சிறுபான்மை' என்னும் பெயருண்டு. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தமிழிலும் வினாத்தாள் வழங்குவது அப்பெயரின் பொருட்டே.

அதே ஊரினின்று வரும் ஆட்டிசம் உடைய ஒருவரின் வேறுபாட்டிற்கு நேர்காணல் அறையில் பெயரில்லை. அவர் கண்ணோக்கிப் பேசாமை கள்ளமாகவும், விடைக்குமுன் நீளும் அமைதி அறியாமையாகவும் கொள்ளப்படுகின்றன. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் பிறந்த தேதியையும் ஊரையும் சொல்லி நிறுத்திவிடுவார். வினாவிற்குச் சரியான விடைதான் அது. மதிப்பெண் மட்டும் கிடைப்பதில்லை. தமிழக அரசு ஆவணங்களில் வழங்கிய 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்னும் சொல்லாக்கமும் தேர்வாளரின் இத்தீர்ப்பையே மொழிவது வருந்தத்தக்கது.

பேச்சாற்றலும் தகுதியின் கூறுதானே என வினவலாம். இவ்வினாவை எளிதில் ஒதுக்கவியலாது. அவையில் எடுத்துரைக்க மாட்டாதவரின் கல்வி பயனற்றது என்பதே அவையஞ்சாமை அதிகாரத்தின் நிலைப்பாடு. ஆயினும் அவ்வதிகாரமும் சொல்வன்மையும் அமைச்சியலில் வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது. அமைச்சனுக்குச் சொல்லே தொழில். ஆளைத் தேர்வது பற்றிய தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் ஆகியன அரசியலில் உள்ளன. அவற்றுள் அளவுகோல் செயலே. கணக்கரையும் கணினி நிரலரையும் அமைச்சனுக்குரிய கோலால் அளப்பது வள்ளுவர் வகுத்த முறையன்று.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டோ நிலம், வயது, கல்வி எனத் தகுதிகளை முன்கூட்டியே வரையறுத்துவிட்டு எஞ்சியதைக் குடவோலைக்கு விட்டது. அத்தகுதிகள் பலரை வெளியே நிறுத்தின என்பது வேறு. எனினும் முகக்குறிப்பை அளக்கும் வேலை அங்கில்லை.

நேர்காணலின் தன்விருப்பப் போக்கை நீதிமன்றமும் உணர்ந்துள்ளது. அஜய் ஹாசியா வழக்கில் (1980), கல்லூரிச் சேர்க்கைக்கு இரண்டு மூன்று நிமிட நேர்காணலுக்கு 150இல் 50 மதிப்பெண் ஒதுக்கியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; 15 விழுக்காட்டை மிகலாகாது என்றது. நடுவணரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 முதல் நேர்காணலே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் ஒதுக்கும் 4 விழுக்காட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்திற்குமாகச் சேர்த்து ஒன்றே கிடைக்கிறது. குறைந்தது 40 விழுக்காடு பாதிப்புக்குச் சான்றும் வேண்டும். சான்று பெறும் அளவிற்குப் புலப்படாதவரே நேர்காணலில் மிகுதியும் தோற்பவர் என்பது இதன் முரண்.

டென்மார்க்கில் 2004இல் தோன்றிய ஸ்பெஷலிஸ்டெர்ன் நிறுவனம் நேர்காணலுக்கு மாற்றாகச் சில வாரங்கள் பணி கொடுத்துப் பார்த்தது. செலவு மிகும் என்னும் தடை உண்மையானது. ஆயினும் வினாக்களை முன்னாளே எழுத்தில் தருவதற்கும், விடையை எழுதிக்காட்ட இசைவதற்கும் ஆகும் செலவு ஒரு தாள். தமிழில் வினாத்தாள் அச்சிட இசைந்த ஆணையத்திற்கு இது புதிய கொள்கையும் அன்று.