என் பெயரில் வாங்கிய கடன்

ஒருவருடைய பெயரைத் திருடி இன்னொருவரிடம் பணம் பறிக்கிறான் ஒரு கள்வன். பணத்தை இழந்தவர் பாதிக்கப்பட்டவர். பெயரை இழந்தவரும் பாதிக்கப்பட்டவரே. இதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால், பெயரை இழந்தவர் பணத்தை இழந்தவருக்கு ஏதேனும் கடமைப்பட்டிருக்கிறாரா? இந்தக் கேள்வியை நான் ஏடுகளிலிருந்து எடுக்கவில்லை. 2024 இல் ஒரு புதன்கிழமை மாலை அது என் வீட்டு வாசலுக்கே வந்தது.

நான் வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன். அன்று மத்தியானம் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சக ஆசிரியர் ஒருவருடைய இலக்கத்திலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. தவறுதலாக உங்கள் கைத்தொலைபேசிக்கு ஆறு இலக்கங்கள் வந்திருக்கும், அதை எனக்கு அனுப்பிவிடுங்கள் என்று அதில் இருந்தது. குறுஞ்செய்தியைப் பார்த்தேன். ஆறு இலக்கங்கள் இருந்தன. அனுப்பினேன். அடுத்த விடைத்தாளை எடுத்தேன்.

அந்த ஆறு இலக்கங்கள்தாம் என் கணக்கின் திறப்பு. யாரோ என் இலக்கத்தைத் தனது கருவியில் பதிவுசெய்ய முயன்றிருக்கிறான். உரியவர் நான்தானா என்று உறுதிசெய்வதற்காக அவை எனக்கு அனுப்பப்பட்டிருக்கின்றன. நான் அவற்றை அவனிடமே கொடுத்துவிட்டேன். என்னிடம் கேட்டது என் நண்பரும் அல்லர். அவருடைய கணக்கு அன்று காலையிலேயே பறிபோயிருந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இதை எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே எழுதியிருந்தது. பிள்ளைகளுக்கு வினாத்தாளை இரண்டு தரம் வாசியுங்கள் என்று இருபது வருடமாகச் சொல்லிவருபவன், ஒரு வரியை ஒரு தரமும் வாசிக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணியளவில் பழைய மாணவி ஒருத்தி பேராதனையிலிருந்து தொலைபேசியில் பேசினாள். "சேர், உங்கட இலக்கத்திலயிருந்து காசு கேட்டு வந்திருக்கு. 'ஒரு அவசரம்' எண்டு எழுதியிருக்கு. நீங்கள் அப்பிடி எழுத மாட்டீங்கள்" என்றாள். உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்' வரும் என்று ஒன்பதாம் வகுப்பில் நான் படிப்பித்ததை அவள் மறக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை.

பாடசாலைக்குப் பின்னால் இருக்கும் அக்கா வந்தார். காலையில் இடியப்பம் அவித்து விற்பவர். கூரைக்கு ஓடு மாற்றவென்று சீட்டுக் கட்டி எடுத்த காசில் 25,000 ரூபாவை, மகனையும் கூட்டிக்கொண்டு பட்டினத்துக்குப் போய், செய்தியில் சொல்லப்பட்ட கணக்கில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். "கிடைச்சுதோ மாஸ்ரர்?" என்று கேட்பதற்காக வந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. செய்தியை வாசித்துக் காட்டியது மகன். அவன் என் வகுப்பில்தான் இருக்கிறான். 'ஒரு அவசரம்' அவன் கண்ணில் படவில்லை.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நான்தான் கொஞ்சம் கோபமாகக் கேட்டேன். அவர் சொன்னார்: "நீங்கள் ஒருநாளும் ஆரிட்டயும் கேக்கிற ஆள் இல்லை. கேட்டால் உண்மையான கஷ்டமாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்."

அந்த வார்த்தையை நான் இன்னும் தாண்டவில்லை. நாற்பது வருடம் எவரிடமும் கை நீட்டாமல் காத்த பெயர், அதனாலேயே கள்வனுக்கு நல்ல கருவியாகிவிட்டது. கெட்ட பெயரை எவனும் திருடமாட்டான். அதற்கு விலை இல்லை.

இலக்கத்தை மறுபடி பதிவுசெய்தபோது கள்வன் வெளியே தள்ளப்பட்டான். ஆனால் அவன் அதற்குள் தனது இரகசிய எண் ஒன்றை இட்டுவைத்திருந்தபடியால், நான் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு நாளும் அந்தப் பெயரில் அவனும் இல்லை, நானும் இல்லை. கேட்டது நான் அல்ல என்று சொல்வதற்கு எனக்கு அங்கே வாய் இருக்கவில்லை. ஊரில் கதை நடந்தது: மாஸ்ரர் காசு வாங்கினவராம்.

இந்தக் கதை எனக்கு ஏன் அவ்வளவு பாரமாக இருந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்தேன். 2010 இல் வாப்பாவோடு திரும்பி வந்தபோது காணி உறுதி கையில் இல்லை, வீட்டுக்குச் சுவர்களும் இல்லை. கிராம சேவகருக்கு முன்னால் பக்கத்து வளவுத் தமிழ் முதியவர் ஒருவர் வந்து நின்று, "இவர் இன்னாற்ற மகன், இந்தக் கிணறு இவையின்ரதான்" என்று சொன்னார். அவருடைய வார்த்தையில்தான் நாங்கள் மறுபடி நாங்களானோம். அப்படித் திரும்பிய ஒருவனுடைய பெயர் கெட்டால் அது அவனோடு நின்றுவிடுவதில்லை. 'அவையள் அப்பிடித்தான்' என்ற பன்மைக்கு அது போய்விடும்.

அரசாங்கம் தரும் அடையாளம் வேறு. பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. பெண்ணானால் அதனோடு 500 கூட்டப்படும். 2016 முதல் இலக்கங்கள் பன்னிரண்டாகின, முறை மாறவில்லை. யுத்த காலத்தில் அந்த அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைக் கடக்க முடியாது. இன்று அதன் பிரதியைக் கேட்கிற மேசையிலெல்லாம் விட்டுவிட்டு வருகிறோம். ஆனால் அக்கா சீட்டுக் காசைக் கொடுத்தது அந்த இலக்கத்தை நம்பி அல்ல. எந்த அட்டையிலும் அச்சிடப்படாத ஒன்றை நம்பிக் கொடுத்தார். அது என்னிடம் இருப்பதாக நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது அவரைப் போன்றவர்களிடம் இருக்கிறது. நான் அதைக் காவல் காப்பவன் மாத்திரமே.

இந்த இடத்தில்தான் அமானிதம் என்ற சொல் எனக்கு நினைவுக்கு வந்தது. மக்காவில் நபியவர்களை எதிர்த்தவர்கள்கூடத் தங்கள் பொருட்களை அவர்களிடமே அமானிதமாக வைத்திருந்தார்கள் என்பதும், ஹிஜ்ரத் இரவில் அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அலி (ரலி) நிறுத்தப்பட்டார்கள் என்பதும் நாம் சிறுவயதிலேயே கேட்டவை. அமானிதம் பற்றிய மார்க்கச் சட்டம் தெளிவானது. காவல் வைத்திருப்பவரின் கவனக்குறைவோ அத்துமீறலோ இன்றிப் பொருள் தொலைந்தால் அவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. கவனக்குறைவு இருந்தால் ஈடுசெய்ய வேண்டும். இது பொருளுக்குச் சொல்லப்பட்டது. பெயருக்கும் பொருந்துமா என்று தீர்ப்புச் சொல்ல நான் மௌலவி அல்லன். ஆனால் அந்த அளவுகோலை என்மேல் வைத்துப் பார்த்தேன். எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்ததை நான் கொடுத்தேன்.

நண்பர்கள் இதை ஏற்கவில்லை. "வீடு உடைத்துக் களவெடுத்தால் பூட்டுப் பழசு என்று வீட்டுக்காரனையா தண்டிப்பது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் அனுமதியின்றி நுழைந்தவனைத்தான் குற்றவாளி என்கிறது. ஏமாந்தவரையே குற்றம் சொல்லும் வழக்கம் நம்மிடையே நிறைய உண்டு, அது கள்வனுக்குச் செய்யும் உதவி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பூட்டு உடைந்ததில் களவு போனது என் பொருளாயிருந்தால் அந்த உவமை சரி. களவு போனதோ அக்காவின் சீட்டுக் காசு.

பெரிய இடங்களிலும் இதே கேள்விதான். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள், அந்த வங்கியே கேட்பதுபோல் நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியிடம் ஏறத்தாழ 95 கோடி டொலர் கேட்டார்கள். 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சிலுள்ள வங்கியொன்றுக்குப் போனது. 2 கோடி டொலர் நம் நாட்டில் ஷாலிக்கா பவுண்டேசன் என்ற பெயருக்கு வந்தது. 'பவுண்டேசன்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்ததைக் கண்டு இடையிலிருந்த டொய்ச் வங்கி விளக்கம் கேட்டதனால் அந்த 2 கோடியும் தப்பியது. எழுத்துப் பிழை பேராதனை மாணவியைக் காத்ததுபோலத்தான். பிலிப்பைன்சுக்குப் போன பணத்தில் பெரும்பகுதிக்காகப் பங்களாதேஷ் வங்கி 2019 இல் நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தது. எவர் பொறுப்பு என்று சட்டத்தரணிகள் வாதாடினார்கள். வாசிக்கத் தெரியாதவரைப் பிழை காப்பதில்லை. வழக்காடப் பணமில்லாதவரைச் சட்டமும் இலேசில் காப்பதில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் ஆர்த்திகா என்ற கிராமத்தில் நடந்த ஒரு வழக்கும் உண்டு. மார்த்தன் கேர் என்பவன் மனைவியையும் பிள்ளையையும் விட்டு ஊரை நீங்கினான். சில வருடங்களின் பின் அர்னோ என்ற இன்னொருவன் 'நானே மார்த்தன்' என்று வந்து அந்தக் குடும்பத்தோடு வாழ்ந்தான். வழக்கு துலூஸ் நீதிமன்றம்வரை போனது. அங்கே உண்மையான மார்த்தன் மரக்காலோடு வந்து நின்றான். 1560 இல் அர்னோ தூக்கிலிடப்பட்டான். ஆனால் நீதிபதிகள் உண்மையான மார்த்தனையும் கண்டித்தார்கள். குடும்பத்தைக் கைவிட்டுப் போனதில் உன் தவறும் இருக்கிறது என்றார்கள். தண்டனை கொடுக்கவில்லை. குற்றம் ஒருவனுடையது, பொறுப்பில் ஒரு பங்கு இன்னொருவனுடையது என்று பிரித்துப் பார்த்தார்கள். எனக்கும் அந்தப் பிரிப்புத்தான் சரியாகப் படுகிறது.

கள்வனைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசு போன கணக்கு, தன் வங்கி அட்டையைச் சில ஆயிரம் ரூபாவுக்கு இரவல் கொடுத்த ஓர் ஏழை இளைஞனுடையது என்று பொலிசார் சொன்னார்கள். அவன் தன் பெயரை வாடகைக்கு விட்டிருக்கிறான். அவனுக்கு அப்பால் இருந்தவன் யாரென்று தெரியவில்லை. மியன்மாரின் மியாவாடிப் பகுதியில், கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்களும் கடவுச்சீட்டுப் பறிக்கப்பட்டு, அடிக்கும் மிரட்டலுக்கும் பயந்து இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலை செய்யவைக்கப்பட்டதை அண்மைய ஆண்டுகளில் அறிந்தோம். அப்படியொருவன்தான் எனக்கும் எழுதினான் என்று சொல்ல வரவில்லை. கோபப்படும்போது இதையும் நினைக்க வேண்டியிருக்கிறது என்கிறேன்.

ஈடுசெய்வது என்று முடிவெடுத்து அக்காவிடம் போனேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "இப்ப நீங்கள் தந்தால் சனம் என்ன சொல்லும் மாஸ்ரர்? எடுத்தபடியால்தான் திருப்பிக் குடுக்கிறார் எண்டு சொல்லும்" என்றார். நான் யோசித்திராத ஒன்று அது. கொடுத்தால் கள்வன் என்று ஒப்புக்கொண்டதாகும். கொடுக்காவிட்டால் அக்காவின் கூரை ஒழுகும். காசை இழந்த நிலையிலும் என் பெயரைப் பற்றி அவர் யோசித்தார். என் காவலில் இருந்ததை என்னைவிட அவர் நன்றாகக் காத்தார்.

அதனால் வரிசையை மாற்றினேன். காசுக்கு முன்னர் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, இலக்கங்களைக் கொடுத்தது நான், வாசிக்காமல் கொடுத்தேன், என் பெயரில் காசு போனது, அதைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். கால் நடுங்கியது. பிறகு மாதம் 5,000 ரூபாவாக ஐந்து மாதம் கொடுத்தேன். அக்கா வாங்கினார். எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்துப் பேர் ஏமாந்திருந்தால் என் சம்பளம் காணாது. ஆனால் உண்மையைச் சொல்வதற்குச் சம்பளம் தேவையில்லை. அது எல்லோராலும் இயலும் ஈடு.

இனிப் பணம் கேட்டு எந்தச் செய்தி வந்தாலும் குரலைக் கேட்டு உறுதிசெய்யுங்கள் என்று அன்று தாய்மாருக்குச் சொன்னேன். அதுவும் போதாது. 2024 தொடக்கத்தில் ஹொங்கொங்கில் ஒரு நிறுவன ஊழியர், மேலதிகாரிகளின் முகமும் குரலும் போலியாக உருவாக்கப்பட்ட காணொளிக் கூட்டத்தை நம்பி, 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பிவிட்டார் என்ற செய்தி வெளிவந்தது. ஆகவே எங்கள் ஊரில் இப்போது ஒரு வழக்கம்: காசு விஷயமென்றால் ஆளைப் பார்க்க நடந்துபோவது. ஊர் சிறிதாக இருப்பதில் இந்த வசதியாவது இருக்கிறது.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் தயங்கித் தயங்கி வந்தார். வெளிநாட்டிலிருந்து பரிசுப்பொதி வந்திருக்கிறது, சுங்கத்துக்குக் கட்டுங்கள் என்று எவனோ சொன்னதை நம்பி, நகையை ஈடுவைத்துக் காசு கட்டியிருக்கிறார். மூன்று வருடமாக வீட்டில் சொல்லவில்லை. நகை பத்திரமாக இருப்பதாகக் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். "மாஸ்ரரே ஏமாந்தவரெண்டால் நானும் சொல்லலாம்தானே?" என்று கேட்டார்.

சொல்லலாம் என்றேன். அன்று மாலை அவரோடும் என் மனைவியோடும் அவர்கள் வீட்டுக்கு நடந்துபோனோம்.